சத்தம் போடும் பம்ப்

மூணாவது தடவையா அந்த அம்மா தனியா வண்டியை ஓட்டிக்கிட்டு வந்து என் ஷெட்டு வாசல்ல நிறுத்தினப்ப, எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

"மறுபடியும் என்ன மேடம்?"

"சத்தம் கேக்கலை."

கேட்டீங்களா கூத்தை? ஊர்ல எல்லாரும் வண்டியில சத்தம் வருதுன்னு வருவாங்க. இவங்க வரலைன்னு வர்றாங்க.

ரெண்டே பேர் உட்கார்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார். வீட்டுக்காரரோடதாம். பெட்ரோல் பம்ப் சாகற நிலைமையில இருந்துச்சு. சத்தமே போடாத புதுசு ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, பின்னால டேங்க் பக்கத்துல மாட்டிக் கொடுத்தேன். ரெண்டே நாள்ல திரும்பி வந்து, பழைய மாதிரி டிக் டிக்னு அடிக்கிற பம்ப்தான் வேணும்னாங்க. தொலையட்டும்னு அதையும் வாங்கி, அடியில ரப்பர் கொடுத்து மாட்டினேன். இப்ப அதுவும் குத்தம்.

"ரப்பரை எடுத்துடுங்க. பம்ப்பை சீட்டுக்குப் பின்னாடி, பழைய இடத்துலயே வைங்க. பக்கத்து சீட்டுக்கு நல்லாக் கேக்கணும்."

"இருபத்தெட்டு வருஷமா சத்தத்தைக் குறைக்கத்தான் மேடம் நான் காசு வாங்கறேன்."

"இந்தத் தடவையும் சரியா வரலைன்னா வண்டியை வித்துடுன்னு சொல்லிட்டார். அப்புறம் அவர் வீட்டை விட்டே வெளியே வர மாட்டார்."

"ஒரு டிக் டிக்குக்காகவா?"

"அது எங்க வீட்டு விஷயம். மாட்டுவீங்களா, மாட்டீங்களா?"

திமிரைப் பாருங்க. ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாதவங்க எனக்குப் பாடம் எடுக்கறாங்க. பம்ப்பை இடம் மாத்தினேன். ஆனா ரப்பரை எடுக்கலை. மெல்லிசா ஒண்ணு உள்ளே ஒளிச்சு வச்சேன். இவங்களுக்கு எங்க தெரியப்போகுதுன்னு ஒரு இளக்காரம்.

மறுநாள் காலையில வண்டியை எடுக்க வீட்டுக்காரரும் அவங்களுமா ஆட்டோவுல வந்தாங்க. நான் வணக்கம் வச்சேன். அந்த ஆள் என்னைக் கண்டுக்கவே இல்லை. கார் கதவைக்கூட அந்த அம்மாதான் திறந்துவிட வேண்டியிருந்தது. ஜாடிக்கேத்த மூடின்னு நினைச்சுக்கிட்டேன்.

சாவியைத் திருப்பினாங்க. அவர் தலையைச் சாய்ச்சுக் கேட்டார்.

"மெக்கானிக், ரப்பர் வச்சிருக்கீங்களா?"

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது. "ஆமா, வச்சேன். அப்படி என்னங்க இருக்கு அந்தச் சத்தத்துல?"

"சாவி போட்டதும் வேகமா அடிக்கும். கார்புரேட்டர் நிரம்பினதும் அடங்கும். அப்பத்தான் ஸ்டார்ட் பண்ணணும். நான் சொன்னாத்தான் இவளுக்கு அது தெரியும். கண்ணு போனப்புறம் இந்த வண்டியில எனக்குன்னு மிஞ்சின வேலை அது ஒண்ணுதான்."

நான் ஸ்பேனரை எடுத்தேன். ரப்பரை உருவிப் போட்டுட்டு பம்ப்பை நேரா இரும்புலயே முடுக்கினேன்.

சாவியைத் திருப்பினாங்க. டிக் டிக் டிக்னு அடிச்சுது.

"இரு... இன்னும் இரு..." அவர் விரலைத் தூக்கிக்கிட்டே சொன்னார். சத்தம் அடங்கிச்சு. "இப்ப எடு."

ஒரே தடவையில இன்ஜின் பிடிச்சது. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தீங்களா? நான் இல்லைன்னா இவளுக்கு இந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வராது."

மூணு தடவை தனியா ஓட்டிக்கிட்டு வந்த அந்த அம்மா என்னைப் பார்த்து, வேணாம்னு மெல்லத் தலையை ஆட்டினாங்க.

"ஆமாங்க"ன்னு சொன்னேன். "அவங்களுக்கு ஒண்ணுமே தெரியலை."