பூஜ்யத்துக்குக் கீழே

"வெட்கமா இல்லையா சார் உங்களுக்கு?"

நீதிமன்றக் கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் எழுந்து நின்றேன்.

எங்கள் ஊர்க் கணக்கு வாத்தியார் ஸ்ட்ரோ, ஏலம் கேட்பவர்கள் வரிசையில், ஷிகாகோ கம்பெனி ஆளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"நம்ம ஊர் வில்மா ஆஸ்பத்திரியில கிடக்கிறா. வீட்டு வரி கட்ட முடியல. அவ வீட்டுக்கா போட்டி?"

"உட்காரு டார்லீன். பத்தாவதுல பாதியில ஓடினவ நீ. இன்னைக்காவது கடைசி வரைக்கும் இரு."

எங்கள் கவுண்டி மாவட்டத்தில் இந்த ஏலம் மேலே ஏறாது, கீழே இறங்கும். பாக்கி வரியை இன்று யார் கட்டுகிறாரோ, அவருக்கு வீட்டுக்காரர் அதை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். குறைந்த வட்டி கேட்பவருக்கே ஏலம். கெடு தாண்டியும் தராவிட்டால், கட்டியவர் வீட்டையே கேட்கலாம்.

"வில்மா வீடு. ஒன்பது சதவீதம்!" என்றாள் ஏலம் விடும் லுயெல்லா.

"ஏழு!" ஷிகாகோக்காரர்.

"அஞ்சு!" வாத்தியார்.

"மூணு!"

"ரெண்டு!"

"ஒண்ணு!"

வாத்தியார் எழுந்தே விட்டார். "பூஜ்யம்!"



ஷிகாகோக்காரர் மேஜையைக் குத்தினார். "மைனஸ் ஒண்ணு!"

"மைனஸ் செல்லாது," என்றாள் லுயெல்லா.

வாத்தியாருக்கு வகுப்பில் நிற்பதாகவே நினைப்பு. "தம்பி, பூஜ்யம், ஒண்ணு, ரெண்டுன்னு போற முழு எண்களைக் கூட்டிக்கிட்டே போ, முழு எண்தான் வரும். வேலிக்குள்ளயே இருப்ப. அடைவுப் பண்புன்னு பேரு. கழிச்சுக்கிட்டே போனா, ஒரு இடத்துல வேலியைத் தாண்டிடுவ. இப்ப வெளியதான் நிக்கிற!"

சுத்தியல் விழுந்தது. ஏலம் வாத்தியார் கைக்குப் போய்விட்டது.

எனக்குத் தாங்கவில்லை. வட்டியே வேண்டாம் என்கிறவனுக்கு வீட்டின் மேல்தான் கண். ஊருக்கே தெரிந்த கணக்கு இது.

"வீட்டையே முழுங்கப் பாக்கறீங்க! இனிமே சர்ச்சுல என் ஆப்பிள் கேக் ஒரு துண்டு உங்க வாய்க்குப் போகாது!"

"ரொம்ப நல்லது. வயிறு பிழைச்சுது," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போயே விட்டார்.

லுயெல்லா என்னை ஓரமாக இழுத்தாள்.

"கத்தாதடி. கெடு முடிஞ்சாலும் அவர் வீட்டைக் கேட்டு வரமாட்டார். அவர் உரிமை தானா காலாவதியாகிடும். கட்டின வரி கட்டினதுதான். வருஷா வருஷம் யாராவது ஒருத்தருக்கு இதே வேலை அவருக்கு."

"இந்தத் தடவை புத்தி மாறிட்டா? நாளைக்கே வில்மாவை வெளிய போன்னு சொல்லிட்டா?"

லுயெல்லா குரலைத் தாழ்த்தினாள்.

"ஃபேக்டரி வேலை போனப்ப, வீட்டு வரி கட்டலைன்னு உன் புருஷன் உன்கிட்ட சொன்னாரா?"

"இல்லையே..."

"அந்த வருஷம் உன் வீட்டை ஏலத்துல எடுத்தவர் இவர்தான். இதுவரைக்கும் உன்னை வெளிய போகச் சொன்னாரா?"