டேமேஜ் பீஸ்

"ஏ புள்ள வேல்விழி! உன்ற பீஸெல்லாம் டேமேஜு. எடுத்துக்கிட்டு ஸ்டோருக்கு வா!"

குழந்தையம்மாள் போட்ட சத்தத்தில் நாற்பது தையல் மிஷின்களின் இரைச்சலே அடங்கிப் போனது. அருள்புரத்தில் இருந்த அந்தப் பனியன் கம்பெனிக்கு அவள்தான் சூப்பர்வைசர்.

வேல்விழி தலையைக் குனிந்தபடி, தைத்த பனியன்களை அள்ளிக்கொண்டு பின்னாலேயே போனாள். ஸ்டோர் கதவு சாத்திக்கொண்டது.

பக்கத்து மிஷினில் இருந்த விஜயராணிக்குப் பொறுக்கவில்லை. விருதுநகர் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். அநியாயத்தைக் கண்டால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"அந்தப் பீசுல ஒரு நூல் பிசிறு கிடையாது. திங்க, புதன், வெள்ளின்னு கிழமை வச்சுல்ல வையுது இந்தப் பொம்பள! ஓவர்லாக் மிஷினுகூட காலை எடுத்தா நின்னுரும். இந்த வாய் நிக்குதா பாரு."

எதிரே இருந்த மயிலாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து குழந்தையம்மாளுக்கு 'ஓவர்லாக்' என்றே பேர் நிலைத்துவிட்டது.

சிரித்த சிரிப்பில் விஜயராணிக்கு இருமல் வந்தது. பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசிக்கு இருமாதவர் யார்?

ஐந்து நிமிஷத்தில் வேல்விழி வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எதுக்குடி பொறுத்துப் போற? மேனேஜர்கிட்ட சொல்லுவோமா?"

"ஐயோ, வேணாங்கக்கா. விட்டுருங்க." கையெடுத்துக் கும்பிடாத குறை.

விட்டுவிட விஜயராணி என்ன வேல்விழியா? அன்று சாயங்காலமே மேனேஜர் மோகன்ராஜிடம் போய் நின்றாள்.

மறுநாள் எல்லார் முன்னாலும் குழந்தையம்மாளுக்கு அர்ச்சனை நடந்தது. "வேலைக்கு ஆள் கெடைக்காம நாங்க கேட்டுல போர்டு மாட்டிக்கிட்டுக் கெடக்கறோம். நீங்க இருக்கற புள்ளையையும் தொரத்தறீங்களா? இன்னொருக்கா கம்ப்ளெயின்ட் வந்துச்சு, சூப்பர்வைசர் வேலை போயி, மறுபடி பிசிறு வெட்டத்தான் உக்காரோணும்!"

"செரிங்க சார்" என்றாள் குழந்தையம்மாள்.

அடுத்த புதன்கிழமை, "வேல்விழி! டேமேஜு!" சத்தம்தான் கொஞ்சம் குறைவு.

"நாய் வாலை நிமித்த முடியுமா?" என்றாள் விஜயராணி, எல்லார் காதிலும் விழும்படி.

அந்தச் சனிக்கிழமை கம்பெனிக்கு ஆஸ்பத்திரி வேன் வந்தது. பல்லடம், பெருமாநல்லூர் என்று நாலைந்து இடத்தில் கிளை வைத்திருக்கும் ஆஸ்பத்திரி அது. எக்ஸ்ரே மிஷினோடு கம்பெனி கம்பெனியாக வந்து இலவசமாகப் பார்ப்பார்கள். நர்ஸ் பிரிசில்லா, மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர்களைத் தனியாக நிறுத்தினாள்.

"பஞ்சுத் தூசி சிஸ்டர்" என்றாள் விஜயராணி.

"இருக்கட்டும் கண்ணு. இந்த டப்பாவுல சளி குடுத்துட்டுப் போ."

நான்காம் நாள், அருள்புரம் கிளையில் பிரிசில்லா அவளை உட்கார வைத்துச் சொன்னாள். "டி.பி.தான் கண்ணு. ஆறு மாசம் மாத்திரையை விடாம முழுங்கினா முழுசாக் கொணமாயிரும்."

"கம்பெனியில தெரிஞ்சா பக்கத்து மிஷின்ல ஒருத்தி உக்கார மாட்டா சிஸ்டர். ஊர்ல தெரிஞ்சா தை மாசம் வச்சிருக்க என் தங்கச்சி கல்யாணம் நின்னு போகும். எனக்கு மாத்திரையே வேணாம்!"

"அப்படிச் சொல்லிட்டு ஓடுனவங்கள்ல எத்தன பேரு உசுரோட இருக்காங்கன்னு எனக்குத்தான் தெரியும். மொத ரெண்டு வாரம் லீவு போட்டுட்டு இங்க வந்து என்ற கண்ணு முன்னால முழுங்கு. அப்பறம், அடுத்தவங்களுக்கு ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னதும் வேலைக்குப் போ. உங்க கம்பெனியிலயே நாங்க பழக்கி விட்ட ஆளு ஒருத்தர் இருக்காங்க. அவங்க மாத்திரை குடுப்பாங்க. ஈ காக்காய்க்குத் தெரியாது."

"யாரு சிஸ்டர்?"

"அவங்களே கூப்புடுவாங்க."

ஊரில் கோயில் காப்புக் கட்டு என்று பொய் சொல்லி லீவு எடுத்தாள். திரும்பி வந்த திங்கட்கிழமை, விஜயராணிக்குத் தையலில் மனசு ஓடவில்லை. யாராக இருக்கும்? டீ கொண்டு வருபவரா? ஆபீஸில் கணக்கு எழுதும் அம்மாவா? யார் திரும்பிப் பார்த்தாலும் இவர்தானோ என்று பார்த்தாள்.

மணி பத்தரை.

"ஏ புள்ள விஜயராணி! லீவு போட்டதுல தையலே மறந்துபோச்சா? உன்ற பீஸெல்லாம் டேமேஜு. எடுத்துக்கிட்டு ஸ்டோருக்கு வா!"

விஜயராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையிலிருந்த பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு நூல் பிசிறு இல்லை.

திங்கட்கிழமை.

மெல்லத் திரும்பினாள். வேல்விழி மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "போயிட்டு வாங்கக்கா" என்றாள்.

ஸ்டோர் கதவு சாத்திக்கொண்டது. குழந்தையம்மாள் மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் வைத்து, டம்ளரில் தண்ணீரை நீட்டினாள். விஜயராணி விழுங்கினாள். கண்ணீர் நிற்கவில்லை.

"அக்கா... நான் மேனேஜர்கிட்ட உங்களப் பத்தி..."

"அழுவறதெல்லாம் ஆறு மாசம் கழிச்சு அழுதுக்கலாம். இப்ப மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வெளிய போ. போயி, என்னைய வழக்கம்போல நாலு திட்டுத் திட்டிப்போடு கண்ணு. நீ சும்மா இருந்தீன்னா ஆருக்காச்சும் சந்தேகம் வந்துரும்!"