கிணத்துமேட்டுப் பலா

"இந்தச் சுளை எந்த மரத்துலம்மா காய்ச்சது?"

இலையில் மடித்து வைத்திருந்த பலாச்சுளையை நீட்டியபடி கேட்டார் துரைக்கண்ணு. கடலூர்ப் பக்கத்துக்காரர். மகளைக் கட்டிக்கொடுத்த கலசப்பாக்கத்தில் காலையில்தான் வாங்கினார். விற்றவனிடம் வழி கேட்டு, ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்கே ஏறி வந்துவிட்டார். அறுபத்தெட்டு வயதுக்கு இது கொஞ்சம் அதிகப்படிதான்.

செந்தாமரை அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் கைகாட்டினாள்.

"அதோ, அதாங்க. இன்னா விஷயம்?"

"எங்க கிணத்துமேட்டுல இதே மாதிரி ஒண்ணு நின்னுச்சும்மா. எங்கப்பா வெச்சது. சுளை செவப்பா, கடிச்சா மொறுமொறுன்னு இருக்கும். எங்கம்மா கையில எண்ணெயத் தடவிக்கிட்டுப் பழத்த வெட்ட உக்காரும். நாங்க ஆறு புள்ளைங்களும் சுத்தி உக்காந்துப்போம். மொத சுளைக்கு அடிதடி நடக்கும்."

"இப்ப மரம் இல்லீங்களா?"

"தானே புயல்ல போச்சு. காத்து நின்னதும் வெளிய வந்து பாத்தா முந்திரித் தோப்பு மொத்தமும் படுத்துக் கெடக்குது. அதுக்குக்கூட நான் அழுவல. கிணத்துமேட்டுல பலா வேரோட சாஞ்சி கெடந்துச்சு பாரு, எங்கப்பா செத்தன்னிக்குகூட அப்படி அழுததில்ல."

"கன்னு எதுவும் எடுத்து வெக்கலீங்களா?"

"அங்கதான் தப்புப் பண்ணிட்டேன். நம்ம மரம் நமக்கு மட்டுந்தான்னு ஒரு வீம்பு. ஒரு பழத்த வெளிய போவ விட்டதில்ல. கொட்டையக்கூட குழம்புல போட்டுருவோம். பதிமூணு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் அந்த ருசி நாக்குல பட்டுது." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒட்டுக்கட்ட நாலு குச்சி குடும்மா. நான் கண்ண மூடறதுக்குள்ள கிணத்துமேட்டுல அது துளிர்க்கிறதப் பாக்கணும்."

செந்தாமரை வாசலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த கணவன் தீர்த்தகிரியைப் பார்த்தாள். துரைக்கண்ணு வந்ததிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை. இப்போது எழுந்தான். கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தில் ஏறினான்.

குச்சிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. செந்தாமரை அவற்றைப் பொறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். துரைக்கண்ணு பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார்.

"பாத்தா கொட்டையில வந்த மரமாத் தெரியுது. கொட்டை போட்டா தாய் மரம் மாதிரி வராதும்பாங்க. ஒங்களுக்கு மட்டும் எப்படிம்மா வந்துச்சு?"

"பன்னண்டு கொட்டை போட்டோங்க. பதினொண்ணு சப்புன்னு காய்ச்சுது. இது ஒண்ணுதான் தப்பிச்சுது."

"அந்தக் கொட்டை ஏது?"

"முந்திரி பொறுக்க ஒங்க ஊருக்கு வந்திருந்தோம், மொதலாளி. நான் மாசமா இருந்தேன். ஆசைப்பட்டேன்னு ஒரு பழத்த அறுத்தாந்தாரு. கொட்டைய முந்தானையில முடிஞ்சிக்கினேன்."

துரைக்கண்ணு சாக்கைக் கீழே இறக்கி வைத்தார்.

"அதுக்காக ஒரு பகல் பூரா அந்தக் கிணத்துமேட்டு மரத்துலயே ஒரு ஆளக் கட்டி வெச்சீங்களே," என்று செந்தாமரை மேலே பார்த்தாள். "அவருதாங்க இப்ப ஒங்களுக்குக் குச்சி வெட்டிப் போட்டாரு."