முள்ளின் மேல் சந்தனம்

சமையலறைச் சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கீழே நின்ற கேஸ் சிலிண்டரையாவது, தீர்ந்துவிட்டதா என்று அடிக்கடி அசைத்துப் பார்ப்பார்கள்.

"அண்ணே, எனக்குள்ளே இருந்த காற்று இறங்கி ரெண்டு வருஷமாச்சு. நெஞ்சிலிருக்கிற அழுத்தம் காட்டுற முள் சிவப்பைத் தொட்டுக் கிடக்கு. தீப்பிடிச்சா நான் வெறும் தகரம்," என்றது கருவி.

"ஆயுத பூஜைக்குத் துடைக்க வருவாங்கல்ல, இந்தத் தடவை கட்டாயம் பார்ப்பாங்க," என்று தேற்றியது சிலிண்டர்.

பூஜையன்று வீட்டுக்காரி செண்பகம் வந்து ஈரத்துணியால் துடைத்தாள். ஒரு வருஷம் கழித்து மேலே பட்ட கை. கருவிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொட்டு வைக்க இடம் தேடியவள், வட்டமாக இருந்த அந்த முள் கண்ணாடியின் மேலேயே சந்தனத்தை அப்பி, குங்குமம் இட்டாள். "நீதான் காப்பாத்தணும்," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

"பார்த்தாங்களா?" என்றது சிலிண்டர்.

"கும்பிட்டாங்க அண்ணே," என்றது கருவி.