வேர்ச்சொல் கேட்ட நோயாளி

மனிதகுலம் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பொன்று, கிரேக்கத்து லெஸ்வோஸ் தீவின் மருத்துவமனையில், வீங்கிய இடது காலைத் தலையணைமேல் ஏற்றி வைத்த நிலையில் வெளியிடப்பட்டது.

“த்ரோம்போசிஸ் நம்ம சொல்.”

வெளியிட்டவர் ஓய்வுபெற்ற கிரேக்க மொழி ஆசிரியர் கிளியாந்திஸ். காலில் ரத்தம் உறைந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதுமே, பூர்வீகச் சொத்து கைக்கு வந்த களை அவர் முகத்தில்.

“த்ரோம்போஸ்னா கட்டி. பால் திரைஞ்சு நிக்குமே, அதுக்கும் முன்னோர் அந்தப் பேர்தான் வச்சாங்க. உலகத்துல எவனுக்கு ரத்தம் கட்டினாலும் நம்ம பாஷையிலதான் கட்டியாகணும்.”

“அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து ஐயா. அந்த அடைப்புக்குப் பேர் எம்போலி.”

“அதுவும் நம்மதுதான்.”

மனைவி போலிக்ஸேனி போர்வை நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். சொல் யாருடையதோ, அவளுக்கென்ன? ஆள் அவளுடையவர்.

ரத்தம் மேலும் உறையாமலிருக்கப் போடும் ஹெபாரின் ஊசிக்கு அவரே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். ஹெபார் என்றால் ஈரல். கலப்படமில்லாத கிரேக்கம்.

அடுத்து, அதே வேலைக்கு மாத்திரை வந்தது. வார்ஃபரின்.

“வேர்ச்சொல்?”

“அமெரிக்காக்காரங்க வச்ச பேர் ஐயா. வேரெல்லாம் கிடையாது.”

கிளியாந்திஸ் மோவாயை மேலே தூக்கி ‘ச்’ கொட்டினார். அந்தத் தீவில் அதற்குமேல் ஒரு மறுப்பு இல்லை.

டாக்டரம்மா கெஞ்சினாள். அதட்டினாள். ஆயுள் முழுக்க மூடாத வாய், அன்றைக்குப் பார்த்துத் திறக்கவில்லை.

போலிக்ஸேனி எழுந்து வந்தாள்.

“ஏன் வாத்தியாரே, வாரோஸ்னா என்ன?”

“பாரம்.”

“அஃபெரோன்னா?”

“நீக்குறது. ஏன்?”

“வார்… ஃபரின். பாரத்தை நீக்குறது. அடுப்படியில கிடக்குற எனக்கே தெரியுது.”

அவர் கண்கள் மெல்ல விரிந்தன.

“எனக்குத் தெரியாதா? டாக்டருக்குத் தெரியுதான்னு பார்த்தேன்.”

ஒரு நாகரிகமே சேர்ந்து விழுங்குவதுபோல மாத்திரையை விழுங்கினார். பிறகு அமெரிக்கா திருடிய சொல்லை மீட்ட வரலாற்றை வார்டு முழுவதற்கும் எடுத்துரைத்தார். பக்கத்துக் கட்டில் மீனவர் கைதட்டினார். அந்த மகிழ்ச்சியில் கிளியாந்திஸ் நாளைய மாத்திரையையும் இன்றே கேட்டார். தரவில்லை.

வாசலில் டாக்டரம்மா போலிக்ஸேனியிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அந்தப் பேர் உங்களுக்கு முன்னமே பழக்கமாம்மா?”

“ரொம்ப நாளா.”

வீட்டு ஆலிவ் கிடங்கில் எலிகளுக்கு அவள் வைக்கும் விஷமும் வார்ஃபரின்தான்.