இன்னும் ரெண்டு இஞ்சு

"இன்னும் ரெண்டு இஞ்சு இழுங்க தம்பி, ஒண்ணும் அறுந்துடாது" என்றார் புஷ்பலதா.

ஆரணியில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் தறியில் நூல் இழுக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அலனின் போட்டோ ஸ்டுடியோ. அங்கே கம்ப்யூட்டர் திரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது புஷ்பலதாவின் ஒரே மகன் கமலக்கண்ணன்.

கமலக்கண்ணனுக்குச் செய்யாறு பக்கம் கம்பெனி வேலை, கை நிறையச் சம்பளம், கெட்ட பழக்கம் என்று ஒன்றுகூடக் கிடையாது. உயரம்தான் ஐந்தடி ரெண்டு. போட்டோவைப் பார்த்ததுமே பெண் வீட்டார் எல்லாரும் 'பையன் கொஞ்சம் குள்ளமா இருக்காரே' என்று ஒரே பாட்டைப் பாடினார்கள். நேரில் வந்து பெண் பாருங்கள் என்று இதுவரை ஒருத்தர் கூப்பிட்டதில்லை. பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, பெற்றவளுக்குக் கவலை இருக்காதா?

உறவுக்காரர் கல்யாணத்தில் அலனே எடுத்த படம் அது. அம்மாவும் பிள்ளையும் ஜோராகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். கேமராவில் இருந்து இறக்கிய அசல் ஃபைல் மலை போலக் கனம், வரன் பார்க்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதென்றால் சின்னதாக்க வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தார் புஷ்பலதா.

அலன் அளவு மாற்றும் பெட்டியைத் திறந்தான். அகலத்துக்கு ஒரு கட்டம், உயரத்துக்கு ஒரு கட்டம், இரண்டுக்கும் நடுவே குட்டியாக ஒரு பூட்டுப் படம். அது எதற்கு என்று புஷ்பலதா கேட்க, அவன் சும்மா இருக்காமல் விளக்கித் தொலைத்தான். பூட்டு இருக்கும்வரை ஒன்றை மாற்றினால் மற்றதும் கூடவே மாறும். பூட்டைக் கழற்றிவிட்டால் ஆளை இஷ்டத்துக்கு மாற்றலாம்.

"அப்போ அந்தப் பூட்டக் கழட்டுங்க" என்றார் புஷ்பலதா.

நேரில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று அலன் இழுத்தான். அம்மாவை வெட்டிவிட்டுப் பையனின் முகத்தை மட்டும் வைத்தால் உயரமே தெரியாது என்று ஒரு யோசனையும் சொன்னான். தன்னையே வெட்டுவதா என்று புஷ்பலதா முறைத்த முறைப்பில் அந்த யோசனை அங்கேயே அடங்கிவிட்டது.

"நேர்ல கூப்ட்டாத்தானே தம்பி வெளிய தெரியறதுக்கு? ஒருவாட்டி அவன் பேசறதக் கேட்டுட்டா எந்தப் பொண்ணும் வேணாம்னு சொல்லாது. கூப்புட வைக்கத்தான் இந்த ரெண்டு இஞ்சு."

பூட்டு கழன்றது. கமலக்கண்ணன் வளர்ந்தான், பக்கத்தில் நின்ற அம்மாவும் சேர்ந்து வளர்ந்தார். அதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வேறு. மகனிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அன்று சாயங்காலமே சேவூரில் இருந்து பதில் வந்துவிட்டது. அனுப்பியவர் பலராமன், பட்டுப் புடவைகளுக்கு டிசைன் வரைந்து கொடுப்பவர். மகள் தீபாவின் படத்தையும் கூடவே போட்டிருந்தார். பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள், ஆனால் முகம் நல்ல லட்சணம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வாங்க என்றதும் புஷ்பலதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேவூர் போனார்கள். ராசியான புடவையாயிற்றே என்று, போட்டோவில் கட்டியிருந்த பட்டையே புஷ்பலதா கட்டிக்கொண்டார். உடம்பு முழுக்க வட்ட வட்டமாகச் சரிகைக் காசு நெய்த புடவை அது.

பலராமன் வாய் நிறைய வாங்க என்றார், உட்கார வைத்தார். ஆனால் மாப்பிள்ளையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் போனை எடுத்து, படத்தைப் பெரிதாக்கி நீட்டினார்.

"இதே பொடவைதானேம்மா? இங்க வட்டமா இருக்கிற காசு போட்டோல முட்டையா நிக்குது. படம் வந்த அன்னைக்கே பாத்துட்டேன். தெனம் இதத்தானே வரைஞ்சிகினு இருக்கேன்."

கமலக்கண்ணன் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தான், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து போய்ச் சுவரோரமாக நிமிர்ந்து நின்றான்.

"எங்கம்மா ஆசையில பண்ணிட்டாங்க, மன்னிச்சிக்கோங்க. நான் அஞ்சடி ரெண்டுதாங்க. ஷூ போட்டா ஒரு இஞ்சு கூட வரும்."

உள்ளே இருந்து களுக்கென்று ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

புஷ்பலதா கண் கலங்கிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லாம் தன் வேலைதான், பிள்ளைக்கு ஒரு பாவமும் தெரியாது என்றார். கொண்டுவந்த பழத்தட்டை அங்கேயே விட்டுவிட்டுத் தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு மகனையும் கிளம்பச் சொன்னார். வாசல் வரை போனவருக்கு மனசு ஆறவில்லை.

"தெரிஞ்சும் எதுக்குங்க எங்களக் கூப்ட்டீங்க?" என்று திரும்பிக் கேட்டார்.

பலராமன் உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார்.

தீபா காபித் தட்டோடு வந்தாள். வாசக்கால் தலையில் இடிக்காமல் இருக்க நன்றாகக் குனிந்துதான் வந்தாள். பூசினாற்போல் இருந்த பெண் எங்கே போனாள் என்று புஷ்பலதா திகைத்தார். இவள் ஒடிசலாக, கமலக்கண்ணனைவிட ஒரு சாண் உயரமாக நின்றாள். அவன் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். அப்பா அவளைப் பார்த்ததற்கு, அவள் அவனைப் பார்த்தபடியே சரி என்று தலையாட்டினாள்.

பலராமன் வாசலுக்கு வந்து புஷ்பலதாவின் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"நீங்க ஏத்தினீங்க, நாங்க எறக்கினோம். வந்து உக்காருங்க சம்பந்தி."