வளையலுக்காகக் கழற்றிய பட்டை

தரங்கம்பாடியில் கப்பல் நின்றதும் புதுமணத் தம்பதி வளையல் கடைக்குப் போனார்கள். வளையல் ஏறுவதற்கு இடைஞ்சலாக மணிக்கட்டில் இருந்த, பயணி இருக்கும் இடத்தையும் நாடித்துடிப்பையும் கப்பலுக்குச் சொல்லும் பயணப் பட்டையைச் செண்பகா கழற்றிக் கணவன் இசக்கிராஜிடம் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குடை எடுக்கக் கப்பலுக்கு வந்தான். வாசல் கதவு, “இருவருக்கும் நல்வரவு” என்றது. எல்லோரும் ஏறிவிட்டதாக எண்ணிக்கொண்ட கப்பல், நேரத்துக்கு முன்பே கரையை விட்டு நகர்ந்தது.

இசக்கிராஜ் அலறிக்கொண்டு அதிகாரியிடம் ஓடினான். “கப்பல நிறுத்துங்க சார்! எம் பொண்டாட்டி கரையில நிக்கா. அந்தா, கையாட்டுதா பாருங்க!”

அதிகாரி கரையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த திரையைப் பார்த்தார். “மேடம் உங்க பக்கத்துலதான் சார் இருக்காங்க.”

“யோவ், அது வெறும் பட்டைய்யா!”

அதிகாரி இரண்டடி பின்வாங்கினார்.

“முப்பது நிமிஷமா மேடத்துக்கு நாடி இல்ல. கூட இருந்தது நீங்க மட்டும்தான். கம்பெனி சார்பா அனுதாபங்கள் சார். இப்ப ரெண்டு கையையும் தூக்குங்க.”